பன்றிக்கு லத்தீனில் என்ன பெயர்? அந்தச் சொல்லுக்கு மற்ற மொழிகளில் என்னென்ன பொருள்?

பொர்குஸ். ஒற்றைச் சொல்லில் பதில் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இறைச்சிக் கடைப் பலகையில் 'போர்க்' என்று எழுதியிருப்பார்களே, அது இதன் வழி வந்ததுதான். பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து நார்மானியர்களோடு கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தது.

கேள்வியின் இரண்டாம் பாதிக்குத்தான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் குடியேறிய பல இடங்களில் பன்றியே கிடையாது. டீக்கோப்பை இருக்கிறது, சோழி இருக்கிறது, கடலில் துள்ளும் பிராணி இருக்கிறது, பட்டறையில் உருளும் நட்டுகூட இருக்கிறது.

பதினாறு வயதில் இரண்டு வருடம் குருமடத்தில் இருந்தேன். சாமியாராகவில்லை, லத்தீன் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் லூக்கா நற்செய்தியின் ஊதாரி மகன் கதையை லத்தீனில் படித்துக்கொண்டிருந்தோம். சொத்தையெல்லாம் அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கப் போகிறான் அல்லவா, அந்த வரியில் 'பொர்கோஸ்' என்று வரும். பக்கத்து பெஞ்சுக்காரன் எழுந்தான். "ஃபாதர், போன வாரம் பன்னிக்கு 'சூஸ்'னுல்லா சொன்னீங்க?" பாடம் எடுத்தவர் நெல்லைக்காரர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏலே, உங்க வீட்டுல நெல்லு, அரிசி, சோறு மூணும் ஒண்ணாலே?"

அதைவிட நல்ல விளக்கத்தை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை. நமக்கு நெல் எப்படியோ, ரோமானியர்களுக்குப் பன்றி அப்படி. சூஸ் என்பது பொதுப்பெயர். பொர்குஸ் வீட்டில் வளர்ப்பது. குட்டி போடும் தாய் ஸ்க்ரோஃபா, காயடிக்காத ஆண் வெர்ரெஸ், காயடித்தது மயாலிஸ், காட்டில் திரிவது அப்பெர், பால்குடி மறக்காதது பொர்கெல்லுஸ். பன்றியின் பெயரைச் சூட்டிக்கொள்வதிலும் அவர்களுக்குக் கூச்சமில்லை. வேளாண்மை நூல் எழுதிய மூத்த கேட்டோவின் குடிப்பெயர் போர்க்கியுஸ். அப்பட்டமாகப் 'பன்றிக்காரர்'. விஞ்ஞானப் பெயரில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1758-இல் லின்னேயஸ் காட்டுப்பன்றிக்கு வைத்த பெயர் 'சூஸ் ஸ்க்ரோஃபா'. வயலை உழுதுபோட்டுவிட்டுப் போகும் கொம்பன் ஆண்பன்றிகூட ஆவணத்தில் 'பன்றி, தாய்ப்பன்றி'தான்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. கேழல், ஏனம் என்று பழந்தமிழில் பெயர்கள் உண்டு. "நாயே பன்றி புலிமுயல் நான்கும் ஆயும் காலைக் குருளை என்ப" என்று குட்டிக்குத் தனிப்பெயர் ஒதுக்குகிறது தொல்காப்பியம்.

பொர்குஸின் உறவுக்காரர்களைப் பார்த்தால் பெரும்பாலும் குட்டிகள். லிதுவேனியத்தில் 'பர்ஷஸ்', ரஷ்யத்தில் 'பொரசியோனக்', ஜெர்மனில் 'ஃபெர்கெல்' எல்லாமே பன்றிக்குட்டி. ஆங்கிலத்தில் பன்றி குட்டி போடுவதற்கு 'ஃபேரோ' என்பார்கள், அதுவும் இந்த வேர்தான். ப எப்படி ஃப ஆனது என்றால், லத்தீனில் 'பாத்தெர்' என்று இருப்பது ஆங்கிலத்தில் 'ஃபாதர்' என்று இருக்கிறதே, அதே வழியில். நாங்கள் நாள் முழுக்க அவரை ஃபாதர், ஃபாதர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தும் இது மண்டையில் ஏறப் பல வருடம் ஆயிற்று. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்திலேயே சேராத ஃபின்னிஷ் மொழியில்கூடக் குட்டிக்கு 'போர்சஸ்' என்றுதான் பெயர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அக்கம்பக்கத்தில் கடன் வாங்கியது.

சூஸின் கிளை நமக்கு இன்னும் பக்கம். சமஸ்கிருதச் சூகரம், இந்திச் 'சூஅர்', ஆங்கில 'ஸ்வைன்' எல்லாம் ஒரே வேர். கிரேக்கத்தில் அது 'ஹூஸ்'. அதோடு பெண்பால் விகுதி சேர்த்து ஆப்பிரிக்காவின் ஒரு விலங்குக்கு 'ஹுவைனா' என்று பெயர் வைத்தார்கள், அதுதான் இன்றைய ஹைனா. பிடரிமயிர் சிலிர்த்து நிற்பதைப் பார்த்துப் பன்றி என்று நினைத்திருக்கலாம். நாம் அதே விலங்கைக் கழுதைப்புலி என்கிறோம். உண்மையில் அது பன்றியும் இல்லை, கழுதையும் இல்லை, புலியும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பன்றியும் 'ப', பொர்குஸும் 'ப', ஆகவே லத்தீனே தமிழிலிருந்து வந்தது என்று பின்னூட்டத்தில் யாராவது வருவீர்கள். வேண்டாம். தெலுங்கில் பந்தி, கன்னடத்தில் ஹந்தி, மலையாளத்தில் பன்னி. நம் பன்றியின் சொந்தபந்தம் அங்கே இருக்கிறது. முதலெழுத்து ஒத்துப்போனால் சம்பந்தம் பேசிவிட முடியாது.

லத்தீன் பன்றிச் சொற்களில் எனக்கு மிகப் பிடித்தது வெர்ரெஸ். அந்தப் பெயரிலேயே ஒரு ரோமானிய ஆளுநர் இருந்தார். கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்டு, கோயில் சிலைகளைக்கூட விட்டுவைக்காமல் சுருட்டியவர். கி.மு. 70-இல் அவர்மேல் வழக்கு நடத்தினார் ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ. லத்தீனில் 'யூஸ்' என்றால் சட்டம், இறைச்சி வெந்த சாற்றுக்கும் அதுவே பெயர். ஆக 'யூஸ் வெர்ரீனும்' என்றால் வெர்ரெஸ் வழங்கும் நீதி என்றும் பொருள், பன்றிச்சாறு என்றும் பொருள். சிசிலிக்காரர்கள் இதை வைத்து அவரைக் கிண்டலடித்தார்களாம். அவருக்கு முன்னால் இருந்த ஆளுநரின் பெயர் சக்கெர்தோஸ், அதாவது பூசாரி. 'இவ்வளவு மோசமான பன்றியைப் பலி கொடுக்காமல் விட்டுவிட்டுப் போனாரே அந்தப் பூசாரி' என்று அவருக்கும் திட்டு விழுந்தது. இதெல்லாம் பெரிய நகைச்சுவை ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே சிசரோ ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார். வெர்ரெஸ் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவில்லை, இன்றைய மார்செய் நகருக்கு ஓடிவிட்டார்.

சரி, டீக்கோப்பைக்கு வருவோம். சோழியின் முதுகு குட்டிப்பன்றி முதுகு மாதிரி உருண்டு வளைந்திருக்கும். அதனால் இத்தாலியர்கள் சோழியைப் 'பொர்ச்செல்லானா' என்றார்கள், பொர்ச்செல்லா என்றால் இளம் பெண்பன்றி. (சோழியின் அடிப்பக்கத்துப் பிளவை வைத்து வேறொரு காரணமும் சொல்வார்கள். அகராதிக்காரர்கள் அதை மென்று விழுங்கித்தான் எழுதுவார்கள், நானும் விழுங்கிவிடுகிறேன்.) 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவின் பயண நூலில், சீனாவின் தென்மேற்கே பணமாகப் புழங்கிய சோழிக்கும் இந்தச் சொல் வருகிறது, சீனர்கள் செய்த வழவழப்பான கிண்ணங்களுக்கும் இதே சொல் வருகிறது. சோழி போலவே வெளுத்து மின்னியதால் ஒட்டிக்கொண்ட பெயர். அதுதான் ஆங்கிலத்தில் 'போர்சலைன்'. சீனத்துக் களிமண்ணுக்கு இத்தாலியப் பன்றிக்குட்டியின் பெயர்! நல்லவேளை, நமக்குப் பாரசீகத்திலிருந்து பீங்கான் வந்து சேர்ந்தது.

சோழி பணமாக இருந்தது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மாலத்தீவுச் சோழிகள் மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போய்ச் சில்லறையாகப் புழங்கிய காலத்தில், நம் தெற்கில் பொற்காசுக்கு வராகன் என்று பெயர். வராகம் பொறித்ததால் வந்தது. சில்லறையிலும் பன்றி, தங்கத்திலும் பன்றி. ஒன்று இத்தாலியன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த பன்றி, மற்றொன்று விஷ்ணுவின் அவதாரம்.

முள்ளம்பன்றியில்தான் நான் அசந்துபோனேன். லத்தீன் பொர்குஸோடு முள் என்ற பொருளுள்ள 'ஸ்பீனா' சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'போர்க்குபைன்' ஆயிற்று. முள் கூட்டல் பன்றி. தமிழிலும் முள் கூட்டல் பன்றி. ஜெர்மனிலும் அப்படியே. விலங்கியல்படி அது எலி, அணில் வகையறாவைச் சேர்ந்த கொறிவிலங்கு. ஆனாலும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே இங்கும் அங்கும் அது பன்றிதான் என்று முடிவுகட்டியிருக்கிறார்கள்.

கடலிலும் இதே கதை. பொர்குஸும் மீனைக் குறிக்கும் 'பிஸ்கிஸ்' என்ற சொல்லும் சேர்ந்தது 'போர்பஸ்', ஓங்கிலின் (டால்பினின்) உறவுக்காரப் பிராணி. சீன எழுத்தில் ஓங்கிலை எழுதினால் 'கடல்', 'பன்றி' என்று இரண்டு குறிகள் வரும். ஜப்பானியர்களும் அந்தக் குறிகளையே எழுதி 'இருக்கா' என்று படிப்பார்கள். நம் பழைய அகராதியிலும் கடற்பன்றி இருக்கிறது.

கினிப்பன்றி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அது பெயரிலேயே எல்லாம் தப்பு. தென்னமெரிக்க ஆண்டீஸ் மலைப் பிராணி, கினியும் இல்லை, பன்றியும் இல்லை. போர்த்துக்கீசியர்கள் 'இந்தியப் பன்றிக்குட்டி' என்றார்கள், ஜெர்மானியர்கள் 'கடல் பன்றிக்குட்டி' என்றார்கள். விஞ்ஞானப் பெயரும் 'காவியா பொர்கெல்லுஸ்'தான். ஆங்கிலேயர் பரிசோதனைக்கு ஆளானவரைக் கினிப்பன்றி என்பார்கள். நாம் சோதனை எலி என்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் நம் சொல்தான் விலங்கியலுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நோயையும் விடவில்லை. கழுத்தில் வரிசையாகக் கட்டி கிளம்பும் காசநோய்க்கு லத்தீனில் 'ஸ்க்ரோஃபுலே', குட்டித் தாய்ப்பன்றிகள் என்று பொருள். நம் வைத்தியர்கள் அதே நோய்க்குக் கண்டமாலை என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கழுத்தில் பன்றிக்கூட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள், நாம் மாலையைப் பார்த்திருக்கிறோம்.

நட்டு என்றேனே, அது போர்த்துக்கீசியம். அங்கே 'போர்க்கா' என்றால் பெண்பன்றி, போல்ட்டில் முடுக்கும் நட்டுக்கும் அதே சொல். சிக்கலான கட்டம் வந்தால் 'இங்கேதான் பன்றி வாலை முறுக்கும்' என்பது அவர்கள் பேச்சு வழக்கு. ஜன்னல், அலமாரி, சாவி, மேசை என்று அவர்களிடம் வாங்கிய நாம் இதை மட்டும் வாங்கவில்லை. நம் பட்டறைகளில் நட்டு ஆங்கிலத்திலிருந்து வந்தது, மரை நம்முடையது. யாருக்காவது மரை கழன்றுவிட்டது என்று நாம் சொல்வதைப் போர்த்துக்கீசியர்கள் 'அவனுக்கு ஒரு ஸ்க்ரூ குறைவு' என்பார்கள்.

எதிர்த்திசையில் போன பன்றி ஒன்றும் இருக்கிறது. தெலுங்கில் பெருச்சாளிக்குப் 'பந்திகொக்கு' என்று பெயர், பன்றி எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் வாயில் அது 'பாண்டிகூட்' ஆயிற்று. பிறகு விஞ்ஞானப் பெயராகவும் ஏறியது. நம் சாக்கடைப் பெருச்சாளியின் பேரினம் இன்று 'பாண்டிகோட்டா'. அதோடு நிற்காமல் ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை ஆஸ்திரேலியாவுக்கும் தூக்கிக்கொண்டு போய், மூக்கு நீண்ட ஒரு சின்ன விலங்குக்கு வைத்துவிட்டார்கள். அது எலியும் அல்ல, பன்றியும் அல்ல. கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டியை வைத்து வளர்க்கிறது.