தோப்புப் பட்டாவை பீரோவிலேயே வையுங்கள்

போன சனிக்கிழமை காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம், மேல்படிப்புக்கு ஆலோசனை சொல்லும் என்னைப் பார்க்க கிருஷ்ணகிரிக்கு வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது ஒரு வங்கியில் துப்பாக்கியோடு காவலுக்கு நிற்கிறார். அம்மாவின் மஞ்சப்பையில் மதிப்பெண் சான்றிதழோடு மாந்தோப்பின் பட்டா நகலும் இருந்தது. கல்லூரி பற்றிப் பேச வருகிறவர்கள் பட்டாவோடு வந்தால் விஷயம் கடன் வரைக்கும் போய்விட்டது என்று அர்த்தம்.

பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தாய்மாமன், சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். விடுதியும் சேர்த்து நான்கு வருடத்துக்குப் பதினைந்து லட்சம். முன்பணமாக இருபதாயிரம் கட்டியாகிவிட்டது. "லோன் கெடைச்சிடுமா சார், தோப்ப வச்சா போதுமா?" என்று அந்த அம்மா கேட்டார். பயப்படாதீர்கள், வழி இருக்கிறது என்று முதலில் நானும் வழக்கம்போலத்தான் சொன்னேன். பாப்பா வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

படிப்பு சம்பந்தமாக நான் எதுவும் கேட்கவில்லை. நீயாக உட்கார்ந்து செய்த ஒரு பொருளைச் சொல்லு என்றேன். அவள் தயங்கினாள். அப்பாதான் சொன்னார்: "என் துப்பாக்கிக்கு ஒரு உறை தச்சிருக்கா சார்." எழுந்துபோய் வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்தும் வந்துவிட்டார்.

நான் அந்த உறையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கடையில் வாங்கிய பழைய உறை ரெக்சின், உள்ளே ஸ்பாஞ்சு. ஐப்பசி மழையில் பைக்கில் வந்துபோகும்போது வெளியே நனையாவிட்டாலும் துப்பாக்கிக் குழாய் நெடுகப் பழுப்புப் புள்ளியாகத் துரு பிடித்திருக்கிறது. ஸ்பாஞ்சுதான் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு விடாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்தது இவள். புது உறைக்கு வெளியே உடைந்த குடையின் துணி, உள்ளே அப்பாவின் பழைய வேட்டி. குழாய் முனைப் பக்கம் கீழே பார்த்தபடி இரண்டு பித்தளை வளையம், காற்று போய்வர. சுடும் விசை (டிரிக்கர்) இருக்கும் இடத்தில் பி.வி.சி. பைப்பை வெந்நீரில் போட்டு இளக்கி வளைத்து, துணிக்குள் வைத்துத் தைத்திருக்கிறாள். வெளியிலிருந்து எது இடித்தாலும் அழுத்தம் விசைக்குப் போகாது. உண்மைத் துப்பாக்கியைத் தொட அப்பா விடமாட்டார் என்பதால் அதே நீளத்துக்கு ஒரு சட்டத்தைச் செதுக்கி அதில் அளவெடுத்திருக்கிறாள். மூன்று தடவை பிரித்துத் தைத்தாளாம்.

சமாதானம் சொல்வதை அப்போதே நிறுத்திக்கொண்டேன்.

அம்மா, அன்றைக்கு நேரில் சொன்னதை இங்கே எழுத்திலும் சொல்கிறேன். அந்த சீட் வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்புதான், விரும்பி எடுக்கிற பிள்ளைக்கு. உங்கள் பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் "மாமா சொன்னாரு" என்றுதான் பதில் வந்தது. மாமா சொன்னதற்காக ஒரு பிள்ளை நான்கு வருடம் படிக்க முடியாது. அப்புறம் தோப்பு. மா பெரும்பாலும் ஒரு வருடம் நன்றாகக் காய்க்கும், அடுத்த வருடம் ஓய்வெடுக்கும். காய்த்த வருடத்திலும் கூழ் ஆலைக்காரர்கள் சொல்வதுதான் விலை. வங்கித் தவணைக்கு அந்த மாதிரி ஓய்வு எதுவும் கிடையாது. இருபதாயிரம் போனால் போகட்டும், திருப்பிக் கேட்டு எழுதுங்கள், கிடைத்தால் சரி. கட்டிய பணத்துக்காகக் கட்டாத பதினைந்து லட்சத்தைத் தேடி ஓடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் இதே மேசையில் ஒரு குடும்பத்திடம் உறுதியாகச் சொல்லாமல் பட்டும் படாமலும் பேசி அனுப்பினேன். அவர்கள் நிலத்தை விற்றார்கள், பையன் இரண்டாம் வருடம் திரும்பி வந்துவிட்டான். அதனால்தான் இந்தத் தடவை மென்று விழுங்கவில்லை.

மருத்துவம், நர்சிங், போலீஸ், பேங்க் தேர்வு பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்: காப்புரிமை வேலை. பேடன்ட் என்றால் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரியும்: ஒருவர் கண்டுபிடித்ததை அவர் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் செய்து விற்காமல் தடுக்கும் சட்ட உரிமை.

அன்றைக்கு என் கணினியில் பேடன்ட் ஆவணங்களை இலவசமாகத் தேடும் தளத்தைத் திறந்து பாப்பாவிடம் கொடுத்தேன். உலகத்தில் பதிவாகும் கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் வகை எண் உண்டு. துப்பாக்கிகளுக்கான தூசி, மழைத் தடுப்பு மூடிகளும் உறைகளும் எஃப்41ஏ 35/02 என்ற எண்ணில் வரும். குழாய் வாய் மூடிக்கு அடுத்த எண், 35/04. எண்ணைப் போட்டதும் பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. ஒரு மணி நேரம் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காபி ஆறிப்போனது. "சார், எல்லாரும் ஒரே பிரச்சினைக்குத்தான் வேற வேற பதில் எழுதியிருக்காங்க" என்றாள். பிளஸ் டூ முடித்த பிள்ளை இதைத் தானாகச் சொன்னால் அதற்குமேல் எனக்குத் திறனறித் தேர்வு வைக்கத் தேவையில்லை.

அவளுக்குச் சொன்ன கதைகளில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். சக்கிமுக்கிக் கல் தட்டிச் சுட்ட காலத்தில் மழை பெய்தால் மருந்து நனைந்துவிடும். அதற்காகக் கல் தட்டும் அமைப்பின்மேல் தோலுறை ஒன்றைக் கட்டினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதைப் 'பசு முழங்கால்' என்று கூப்பிட்டார்கள். முதல் உலகப் போரின் சேற்றுக் குழிகளில் லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் இயங்கு பாகத்தின்மேல் கித்தான் உறை மாட்டி அழுத்து பொத்தானால் பூட்டினார்கள். ஜப்பானியர்கள் அரிசாகா துப்பாக்கியில் போல்ட்டோடு (தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) சேர்ந்து முன்னும் பின்னும் நகரும் தகட்டு மூடியே வைத்தார்கள். யோசனை அருமையானது. ஆனால் நடக்கும்போது கடகடவென்று சத்தம் போட்டதால் பல சிப்பாய்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கப் படையினர் பிளியோஃபிலிம் என்ற கண்ணாடி போன்ற தாள் பையில் துப்பாக்கியைப் போட்டுக்கொண்டு போனார்கள். எம்16 துப்பாக்கியில் காலித் தோட்டா வெளியேறும் வாசலுக்கு ஒரு மூடி உண்டு. கையால் சாத்தி வைத்தால் போதும், போல்ட் அசைந்ததும் தானே திறந்துகொள்ளும். அதே துப்பாக்கியில் விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளைவை ஒரு பக்கம் கழற்றிக் கீழே மடக்கலாம். குளிரில் தடித்த கையுறை போட்டவனின் விரல் உள்ளே போக வேண்டுமே.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, கட்டிப்போட்ட மூடியை அவசரத்தில் மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் கேட்டார். சரியான கேள்வி. குழாய்க்குள் கெட்டியாக அடைப்பு இருக்கும்போது சுட்டால் குழாயே வெடிக்கலாம். அதனால் குழாய்க்குள் இறுகி நிற்கும் அடைப்பானைவிட, குண்டு துளைத்துக்கொண்டு போகக்கூடிய மெல்லிய மூடியே பாதுகாப்பானது. பாப்பா உடனே தன் உறையின் முனையைத் திருப்பிப் பார்த்தாள்.

இனி அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். ஒருவர் எதையாவது கண்டுபிடித்தால், அது முன்பே உலகத்துக்குத் தெரிந்ததா என்று தேட ஆள் வேண்டும். தெரியாதது என்றால், எது புதுசு என்பதைச் சட்டத்துக்கு ஏற்ற வார்த்தைகளில் எழுதித் தர ஆள் வேண்டும். இந்த எழுத்தில்தான் மொத்த மதிப்பும் இருக்கிறது. பாப்பாவிடம் அவள் உறைக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். "குடைத் துணியால் ஆன, இரண்டு பித்தளை வளையம் உள்ள உறை" என்று எழுதினாள். அப்படி எழுதினால் தார்ப்பாயில் தைப்பவன் தப்பித்துவிடுவான், மூன்று வளையம் வைப்பவனும் தப்பித்துவிடுவான் என்றேன். "நீர் புகாத துணியால் ஆன, காற்றுத் துளை உள்ள உறை" என்று மாற்றினாள். இப்போது அகலம் கூடிப்போச்சு, பழைய கித்தான் உறையெல்லாம் இதற்குள் வந்துவிடும், விண்ணப்பம் நிற்காது என்றேன். பேனாவைக் கடித்துக்கொண்டு இருபது நிமிடம் யோசித்தாள். கடைசியில், நீர் புகாத வெளித்துணி, ஈரம் தேங்காத உள்துணி, குழாய் முனைக்குக் கீழே துளை, விசைப் பகுதியில் அழுத்தம் தாங்கும் விறைப்பான வளைவு, இந்த நான்கும் சேர்ந்த உறை என்று எழுதினாள். பேடன்ட் ஏஜென்ட் என்பவர் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான்.

அந்த உறையை வைத்து லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அதன் பாகங்களில் பெரும்பாலானவை பழையவை என்பதை அவளே பட்டியலில் பார்த்துவிட்டாள். தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய்தான். ஆனால் அதற்கப்புறம் பரிசோதனைக் கட்டணம், ஆட்சேபணைக்குப் பதில் என்று செலவு நீளும். புதுசாக ஏதாவது சேர்த்து எப்போதாவது விண்ணப்பிக்க நினைத்தால், அதற்கு முன் பள்ளிக் கண்காட்சியிலோ இன்ஸ்டாகிராமிலோ அதைக் காட்டக் கூடாது. ஊருக்குக் காட்டிவிட்டால் அது புதுமை இல்லை. நாட்டின் பாதுகாப்பு சம்பந்தமானது என்று காப்புரிமை அலுவலகம் கருதினால் ரகசியமாக வைக்கச் சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு. இன்னொன்றில் நான் கறார். துணி உறையோடு நிற்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ அதன் பாகத்தையோ யாரும் செய்யக் கூடாது. நம் மலையோர ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் பற்றி உங்களுக்குத் தெரியாததா? மரச் சட்டத்தில் அளவெடுத்த அவளது வழக்கம் அப்படியே தொடரட்டும்.

பேடன்ட் ஏஜென்ட் ஆக அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் ஒரு பட்டம், 21 வயது, இந்தியக் குடியுரிமை, அப்புறம் காப்புரிமை அலுவலகத்தின் தேர்வு. சட்டத்துக்கு ஒரு தாள், விண்ணப்பம் எழுதுவதற்கு ஒரு தாள், இரண்டும் நூறு நூறு மதிப்பெண். வாய்மொழித் தேர்வு 50. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 50, மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். எளிதான தேர்வு என்று சொல்லமாட்டேன். வருடம் தவறாமல் நடப்பதும் இல்லை, அதனால் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேர்வுக்கு முன்பே தேடல் வேலைக்குச் சேரலாம். அந்த நிறுவனங்கள் பெங்களூரில் நிறைய, ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். நம் ஓசூரே தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்று. அரசு வேலைதான் வேண்டும் என்றால் காப்புரிமைப் பரிசோதகர் பதவி இருக்கிறது, அது மத்திய அரசின் குரூப் ஏ பணி.

பட்டத்துக்கு எங்கே போவது? பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி உங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரம். அங்கே மெக்கானிக்கல் முதல் விருப்பமாகப் போடுங்கள். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு உரியவள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பர்கூர் கிடைக்கவில்லையென்றால் கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். ஏஜென்ட் தேர்வுக்கு அதுவும் செல்லும், பரிசோதகர் பதவிக்கு மட்டும் மேலே எம்.எஸ்சி. முடிக்க வேண்டியிருக்கும். இரண்டு வழியிலும் பட்டாவுக்கு வேலை இல்லை.

ஆங்கிலம் எழுத வராதே என்று பாப்பா பயந்தாள். விண்ணப்பங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் போக வேண்டும் என்பது உண்மை, பயமும் நியாயமானது. அதற்கு நான்கு வருடம் இருக்கிறது. வாரம் ஒரு பேடன்ட் ஆவணம் படிக்கட்டும், உறை, மூடி, காப்பு எதுவாக இருந்தாலும் சரி. படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படித்துப் படம் வரைய வேண்டும், அப்புறம் எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தைப் பார்த்து எழுத வேண்டும். ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பு நடத்தும் அடிப்படைப் பாடம் இணையத்தில் இலவசம், அதை இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.

மாமாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம் அம்மா. அக்கா மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவரும் ஓடியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரை என்னிடம் பேசச் சொல்லுங்கள், அன்றைக்கு உறையையும் பாப்பாவையும் கூட்டி வாருங்கள். அவளே விளக்கட்டும். வரும்போது ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வாருங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து பூர்த்தி செய்துவிடலாம்.