பைலட்டும் பட்டியலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2006 செப்டம்பர், அக்டோபரில் வந்த புது அமெரிக்கத் தொடர்களின் முதல் எபிசோட்களை வரிசைப்படுத்தி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். முதலிடம் ஃப்ரைடே நைட் லைட்ஸ். அடுத்து ஸ்டூடியோ 60, அக்லி பெட்டி, ஹீரோஸ், ஜெரிக்கோ, ஸ்மித். ஏழாவதாக 30 ராக்! அதற்குக் கீழே கிட்னாப்ட் மட்டும்தான்.

30 ராக் ஏழு சீசன் ஓடியது. சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதை 2007, 2008, 2009 என்று மூன்று வருடம் வரிசையாக வாங்கியது. ஸ்டூடியோ 60 ஒரே சீசனோடு போய்விட்டது. ஸ்மித் மூன்று எபிசோடைத் தாண்டவில்லை. இதெல்லாம் தெரிந்த பிறகும் பழைய வரிசையையே வைத்துக்கொள்வது வீம்பு இல்லையா?

அந்த வருடம் நான் ஆஸ்டினில் மாணவன். அறை நண்பர்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு பட்டியல் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். என் பட்டியலில் ஹீரோஸ்தான் முதலில். இப்போது அதை வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் சந்தேகங்கள் இவை: முதல் வாரம் பார்த்ததை வைத்து வரிசை போடுவது நியாயமா? போட்டாலும் பின்னால் திருத்த வேண்டாமா? பழைய தொடர்களின் புது சீசன்களையும் அதே பட்டியலில் சேர்க்கலாமா?

கார்த்திகேயன்
ஆஸ்டின்

அன்புள்ள கார்த்திகேயன்,

பட்டியலைத் திருத்துவதாக இல்லை. நான் வரிசைப்படுத்தியவை எட்டு முதல் எபிசோட்கள். அந்த எட்டும் 2006இல் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இன்றும் இருக்கின்றன. 30 ராக் பிற்பாடு வாங்கிய எம்மிகளால் அதன் முதல் அரைமணி நேரத்தில் ஒரு சிரிப்புகூடக் கூடிவிடாது.

இது வீம்பு மாதிரி தோன்றினால், அந்தக் காலத்தில் நெட்வொர்க்குகள், அதாவது நாடு முழுக்க ஒளிபரப்பும் டிவி நிறுவனங்கள், தொடர் வாங்கிய முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் திரைக்கதைகளை மலையாகக் குவித்துப் படிப்பார்கள். அதில் சிலவற்றைப் பொறுக்கி மார்ச், ஏப்ரல் வாக்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எபிசோட் மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அதுதான் பைலட். மே மாதம் விளம்பரதாரர்களை நியூயார்க்கில் கூட்டி, செப்டம்பரில் எவையெல்லாம் வரும் என்று அறிவிப்பார்கள். தேறியவற்றுக்கு வழக்கமாக 13 எபிசோட். கூட்டம் சேர்ந்தால் மேலும் 9, ஆக மொத்தம் 22. பைலட்டுக்கு நாளும் பணமும் தாராளம், பெரிய இயக்குநரும் கிடைப்பார். இரண்டாவது எபிசோடிலிருந்து எட்டு நாளுக்கு ஒன்று என்கிற கணக்கில் எடுத்துத் தள்ள வேண்டியதுதான். விமானம் உடைந்து விழுந்து தீவில் சிக்கியவர்களின் கதையான, 2004இல் வந்த லாஸ்ட் தொடரின் பைலட்டுக்கு ஏபிசி நெட்வொர்க் 1 கோடி டாலருக்கு மேல் இறைத்தது. ஓய்வுபெற்ற நிஜ விமானம் ஒன்றை வாங்கி, துண்டு போட்டு, ஹவாய்க்குக் கப்பலில் ஏற்றிக் கடற்கரையில் பரப்பினார்கள். அதற்குத் தலையாட்டிய ஏபிசி தலைவர் லாய்ட் ப்ரானுக்கு, தொடர் ஒளிபரப்பாகும் முன்பே வேலை போய்விட்டது.

அதனால் பைலட்டை வைத்துத் தொடரை எடை போடுவது, பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுத்த சொஜ்ஜி பஜ்ஜியை வைத்து அந்த வீட்டின் அன்றாடச் சமையலை எடை போடுவது மாதிரிதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஜ்ஜி எப்படி இருந்தது என்று சொல்லலாம் அல்லவா? என் பட்டியல் பஜ்ஜியைப் பற்றியது.

ஸ்டூடியோ 60 விஷயத்துக்கு வருவோம். உங்கள் கோபத்தின் மையமே அதுதான் என்று நினைக்கிறேன். 2006 செப்டம்பர் 18, திங்கள் இரவு 10 மணி, என்பிசி நெட்வொர்க். எழுத்து வசனத்தைக் கொட்டுவதில் பேர்போன ஆரோன் சோர்கின், இயக்கம் தாமஸ் ஷ்லாமி. வாராவாரம் நேரலையில் வரும் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பின்மேடைதான் களம். மதத்தைக் கிண்டல் செய்யும் ஒரு அங்கத்தை நெட்வொர்க் ஆள் கடைசி நிமிடத்தில் வெட்டச் சொல்கிறார். ஜட் ஹர்ஷ் நடித்த வயதான தயாரிப்பாளர் நேராக மேடையில் ஏறி, ஓடிக்கொண்டிருக்கும் நேரலையிலேயே தொலைக்காட்சித் தொழிலைக் கிழிகிழியென்று கிழிக்கிறார். பேச்சை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியம் கட்டுப்பாட்டு அறை. டிமத்தி பஸ்ஃபீல்ட் நடித்த இயக்குநரின் கையெட்டும் தூரத்தில் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் மேடை திரையிலிருந்து மறைந்துவிடும். பக்கத்தில் நெட்வொர்க் ஆள் நின்று கத்துகிறார். இயக்குநர் உடனே அழுத்தவில்லை. அவருடைய வேலை, விசுவாசம், கோழைத்தனம் எல்லாம் அந்தச் சில நொடிகளில் முகத்தில் வந்து போகின்றன. ஒரு வசனம்கூட அதை விளக்குவதில்லை, அதுவும் சோர்கின் எழுத்தில்! தொலைக்காட்சிக்குள் வேலை எப்படி நடக்கிறது என்பதை அதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி அந்த வருடம் வேறு வரவில்லை.

சரி, அப்படியென்றால் தொடர் ஏன் கவிழ்ந்தது? பைலட் ஒரு கடன் வாங்கியிருந்தது. நிகழ்ச்சியைக் கையில் எடுக்க வருபவர்களாக மேத்யூ பெர்ரியும் பிராட்லி விட்ஃபோர்டும் நடித்த இருவரும் மேதைகள், இவர்கள் வந்தால் நிகழ்ச்சி மறுபடி சிரிக்க வைக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெட்டப்பட்ட அந்தப் பிரமாதமான அங்கத்தை நாம் பார்க்கவில்லை. பிரமாதம் என்று கேள்விப்பட்டதோடு சரி. பைலட்டில் அது செல்லும். இரண்டாவது எபிசோடில் வட்டி கட்ட வேண்டிய நேரம் வந்தது. கில்பர்ட் அண்ட் சல்லிவன் என்ற பழைய ஆங்கில இசைநாடக இரட்டையரின் பாட்டு மெட்டில், புது அணி ஒரு மன்னிப்புப் பாட்டைப் பாடியது. சாமர்த்தியமான பாட்டுதான். தொடருக்குள் இருக்கும் பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அளவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் இரவில் சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர் பார்த்த தொடர் அதற்கப்புறம் வாராவாரம் கரைந்தது. இந்த ஆபத்தை பைலட்டைப் பார்க்கும்போதே மோப்பம் பிடித்திருக்கலாமா என்றால், பிடித்திருக்கலாம். அதற்காகத்தான் இரண்டாவது இடம். மோப்பமே இல்லாவிட்டால் முதலிடம் கொடுத்திருப்பேன்.

30 ராக் அதே நெட்வொர்க், அதே பின்மேடை, அக்டோபர் 11. ஒரே கடையில் ஒரே சரக்கு இரண்டு பெட்டிகளில் வந்தபோது சோர்கினுடையதுதான் நிற்கும் என்று பலரும் நம்பினார்கள். பைலட்டைத் திரும்பப் பாருங்கள். தொடரை உருவாக்கி நடித்த டினா ஃபே, வரிசையில் குறுக்கே புகுந்தவனைப் பழிவாங்க வண்டியிலிருக்கும் ஹாட் டாக் அத்தனையையும் வாங்குகிறார். நல்ல ஆரம்பம். அலெக் பால்ட்வின் கிழக்குக் கரைத் தொலைக்காட்சிக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் சேர்த்துத் துணைத்தலைவராக வருகிறார். என்பிசி அப்போது நிஜமாகவே ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் சொத்து என்பதால் அந்தப் பதவிப் பெயர் தனி ருசி. மீதி எல்லாம் தடுமாற்றம். நிகழ்ச்சியின் நட்சத்திர நடிகையான ஜென்னா பாத்திரத்தில் முதலில் ரேச்சல் டிராட்ச் நடித்து, பிறகு ஜேன் க்ராகோவ்ஸ்கியை வைத்து மாற்றினார்கள். பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும். வேகம் இன்னும் வரவில்லை, யார் பைத்தியம், யார் பார்வையாளர் என்பதே முடிவாகவில்லை. நகைச்சுவைத் தொடர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கதி. நடிகர்களின் வாய்க்கு எந்தச் சிரிப்பு பொருந்தும் என்று எழுதுபவர்களுக்குப் பிடிபடவே அரை சீசன் ஆகும். அதனால் ஏழாவது. அது மகத்தான தொடர் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

ஃப்ரைடே நைட் லைட்ஸ் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. உங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் எடுத்த தொடர் ஆயிற்றே! பைலட்டை இயக்கியது பீட்டர் பெர்க். டெக்சாஸின் டில்லன் என்ற கற்பனை ஊர். திங்கட்கிழமையில் தொடங்கி வெள்ளி இரவு நடக்கும் பள்ளி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் முடிகிறது. உள்ளூர் வானொலிக்காரர் ஒருவரின் குரல் கார்களுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் ஓயாமல் கேட்கிறது. பள்ளிக்கூடப் பையன்களின் விளையாட்டு அந்த ஊரை எப்படிக் கழுத்தைப் பிடித்து அழுத்துகிறது என்பதை அந்தக் குரலை வைத்தே புரியவைத்துவிடுகிறார்கள். ஒத்திகை கிடையாது, நிற்க வேண்டிய இடத்துக்குத் தரையில் அடையாளம் கிடையாது. தோளில் தூக்கிய கேமராக்கள் நடிகர்களைத் துரத்திப் பிடிக்கின்றன. இப்போது எல்லோரும் இப்படி எடுக்கிறார்கள். அன்று ஒரு நெட்வொர்க் தொடரில் இதைப் பார்த்தபோது எனக்கு ஆவணப்படம் போலத்தான் இருந்தது.

நட்சத்திர ஆட்டக்காரன் ஜேசன் ஸ்ட்ரீட் ஒருவனைத் தடுக்கப் பாய்ந்து விழுகிறான், எழவில்லை. மைதானம் அடங்கிப்போகிறது. அவனுக்குப் பதிலாக யாரும் எதிர்பார்க்காத மாட் சராசன் என்ற ஒல்லிப் பையனை இறக்குகிறார்கள். அவன் எறிந்த முதல் பந்து சொந்த அணிக்காரன் மேலேயே போய் மோதுகிறது. அரங்கில் அவ்வளவு துக்கம் கவிந்திருக்கும்போது இந்தச் சிரிப்பை வைக்கத் துணிந்தார்களே, அங்கேதான் நான் முதலிடத்தை முடிவு செய்தேன். அப்புறம் அவன் ஜெயித்தும் கொடுக்கிறான், ஆனால் அந்த வெற்றியை மருத்துவமனைக் காட்சிகளோடு மாற்றி மாற்றி வெட்டுவதால் நம்மால் கைதட்ட முடிவதில்லை. கைல் சாண்ட்லரும் கோனி பிரிட்டனும் கணவன் மனைவியாக வரும் காட்சிகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. அக்லி பெட்டி கொலம்பியத் தொடரின் அமெரிக்க வடிவம். இந்தியாவில் அதே கதை ஏற்கெனவே இந்தியில் ஜஸ்ஸி ஜெய்சி கோயி நஹீன் என்று ஓடியிருந்தது. ஃபேஷன் பத்திரிகை அலுவலகத்துக்கு முதல் நாளே குவாடலஹாரா என்று எழுதிய சிவப்புப் போன்ச்சோவைப் போட்டுக்கொண்டு அமெரிக்கா ஃபெரேரா வந்து நிற்பது ஒன்று போதும், பெட்டி யார் என்று தெரிந்துவிடும். ஜெரிக்கோவில் கான்சாஸ் ஊர்ச் சிறுவன் ஒருவன் கூரைமேல் நின்று, தொலைவில் எழும் அணுகுண்டுப் புகையைப் பார்க்கும் ஒரு காட்சிக்காகவே ஐந்தாவது இடம். ஸ்மித்தில் ரே லியோட்டா இருந்தும் எல்லோரும் ஏதோ குளிரில் நடிப்பது மாதிரி இருந்தது. அதில் வந்த சைமன் பேக்கருக்கு 2008இல் த மென்டலிஸ்ட் தொடர் கிடைத்தது, ஆக அவருக்கு நஷ்டமில்லை. கிட்னாப்ட் ஒரே ஒரு கடத்தலை சீசன் முழுக்க இழுக்கும் திட்டம். பைலட் முடியும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

சாதாரண மனிதர்களுக்குத் திடீரென்று அபூர்வ சக்திகள் வரும் கதையான ஹீரோஸை முதலில் வைத்ததற்கு ஏன் கூச்சம்? டோக்கியோ அலுவலகத்தில் மாசி ஓகா முகத்தைச் சுளித்துக் கடிகார முள்ளை ஒரு நொடி பின்னால் நகர்த்துவதும், கைகளைத் தூக்கிக் கத்துவதும் அந்த வருடத்தின் கலப்படமில்லாத சந்தோஷம். உயரத்திலிருந்து குதித்து எலும்பு முறிந்து எழுந்து, கேமராவைப் பார்த்து இது ஆறாவது முயற்சி என்று சொல்லும் பள்ளிப் பெண்ணும் அப்படியே. எனக்கு இடித்தது, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் அந்த மரபணு விஞ்ஞானிதான். செந்தில் ராமமூர்த்தி என்ற பெயருள்ள நடிகரைக் கையில் வைத்துக்கொண்டு, மெட்ராஸ்காரருக்கு மொஹிந்தர் சுரேஷ் என்று பெயர் வைத்தார்கள்! நாலாவது இடத்துக்கு அதுவும் ஒரு காரணமா என்று கேட்டால், கொஞ்சம் உண்டு. 2007 நவம்பரில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டாவது சீசன் 11 எபிசோடோடு நின்றது, தொடர் பிறகு நிமிரவேயில்லை. இதையெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத்தில் நீங்கள் எப்படி எழுதியிருக்க முடியும்?

பின்னால் திருத்துவது என்றால் எதைப் பார்த்துத் திருத்துவது என்பதும் எனக்குப் புரியவில்லை. கூட்டத்தை வைத்தா? 30 ராக் முதல் இரவில் 80 லட்சத்துச் சொச்சம், ஃப்ரைடே நைட் லைட்ஸ் 70 லட்சம் சுமார். அன்றைய கணக்கில் இரண்டுமே நோஞ்சான். மூன்றாவது சீசனிலிருந்து டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனம் செலவைப் பங்கு போட்டதால்தான் ஃப்ரைடே நைட் லைட்ஸ் ஐந்து சீசன் வரை உயிரோடு இருந்தது. ஜெரிக்கோவை 2007 மே மாதம் சிபிஎஸ் நெட்வொர்க் நிறுத்தியதும், ரசிகர்கள் டன் டன்னாக வேர்க்கடலையை அதன் அலுவலகத்துக்கு அனுப்பி இன்னும் ஏழு எபிசோட் வாங்கினார்கள். எத்தனை நாள் ஓடியது என்பதில் ரசிகர்களின் கடலையும் ஒப்பந்தக் கணக்கும் இரவு 8 மணியா 10 மணியா என்பதும் சேர்ந்திருக்கின்றன. நான் பார்த்த ஒரு மணி நேரம் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு இதில் எதுவும் பதில் சொல்லாது. உங்கள் பழைய காகிதம் இன்னும் இருந்தால் தயவுசெய்து கைவைக்காமல் அனுப்பிவையுங்கள். மற்ற மூவர் எதை முதலில் வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கடைசிக் கேள்வி. திரும்பி வரும் தொடர்களை அதே பட்டியலில் சேர்க்க வேண்டாம், தனிப் பட்டியல் போடுங்கள். அந்த செப்டம்பரில் த ஆபீஸ் மூன்றாவது சீசன் வந்தது. கிரேஸ் அனாடமி வியாழக்கிழமைக்கு இடம் மாறி, சிஎஸ்ஐ தொடருடன் அதே நேரத்தில் மோதி, இரண்டரைக் கோடிப் பேரைக் கூட்டியது. இவையெல்லாம் வருடக்கணக்கில் சேர்த்த நட்போடு வருபவை, அவற்றோடு ஒரு பைலட்டை ஓட விடக்கூடாது. அக்டோபர் 4 அன்று லாஸ்ட் மூன்றாவது சீசன் தொடங்கியதே, நினைவிருக்கிறதா? ஒரு பெண் வீட்டில் பாட்டுப் போடுகிறாள், மஃபின் கருகிவிடுகிறது, நண்பர்கள் வந்து புத்தகம் பற்றிச் சண்டை போடுகிறார்கள், நிலம் அதிர்கிறது, வெளியே ஓடிவந்து பார்த்தால் வானத்தில் அந்த விமானம் இரண்டாக உடைகிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு என் எட்டு பைலட்டையும் கொடுத்துவிடுவேன். முந்தைய இரண்டு சீசனைப் பார்க்காதவருக்கோ அது மஃபின் கருகிய கதை.

அன்புடன்.