மேடை இசை நாடகப் பாட்டைக் கேட்டால் ஏன் அழுகை வருகிறது?

இசை நாடகம் என்றால் கதையின் முக்கியமான திருப்பங்களைப் பாட்டே சொல்லும் மேடை நாடகம். பேசித் தீராத நிலைக்கு ஒரு பாத்திரம் வரும்போது பாட ஆரம்பிக்கும். அதற்குள் அந்த ஆளின் கஷ்டமெல்லாம் நமக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் அதே பாட்டைத் தனியாகக் கேட்கும்போது இவ்வளவு பாதிப்பு இருப்பதில்லை.

பெரிய காரணம், மெட்டு திரும்பி வருவது. 1985-இல் லண்டனில் மேடையேறிய 'லே மிசரபிள்' நாடகத்தைப் பாருங்கள் (சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்த விக்டர் ஹ்யூகோவின் நாவல்தான்). ஃபான்டீன் என்ற ஏழைத் தாய் சாகும் தறுவாயில், அங்கே இல்லாத தன் மகளைக் கூப்பிட்டுப் பாடுகிறாள். பிறகு எப்போனீன் என்ற இளம்பெண் தன் ஒருதலைக் காதலைப் பாடுவதும் அதே மெட்டில்தான். கடைசியில், ஃபான்டீனின் மகளை வளர்த்த கதாநாயகன் ஜான் வால்ஜானின் உயிர் பிரியும்போது, இறந்துபோன ஃபான்டீன் அதே மெட்டோடு வந்து அவரை அழைக்கிறாள். வார்த்தைகள் வேறு. ஆனால் முன்பு பார்த்த துக்கம் அத்தனையும் அந்த மெட்டோடு சேர்ந்து வந்துவிடுகிறது. எத்தனை அழகான வேலை இது!

காலமான தாத்தாவின் சைக்கிள் மணியைப் போலவே ஒரு மணி தெருவில் கேட்டால், யோசிப்பதற்கு முன்பே நெஞ்சு அடைக்குமே, அப்படித்தான்.

சோகப் பாட்டுக்கு மட்டும்தான் அழுகை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இதே நாடகத்தில் முதல் பாதியின் முடிவில் எல்லாரும் சேர்ந்து, மறுநாளை எதிர்பார்த்துக் குரலை உயர்த்திப் பாடும்போதும் கண் கலங்கும்.