தலை குனிந்து பேசும் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

ஆச்சி, வளாக நேர்காணலில் மகனுக்குத் தன்னம்பிக்கை போதாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உடல்மொழிப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பலாமா என்றும் கேட்கிறீர்கள். இப்போது வேண்டாம்.

பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்துவதும், கேட்டால் மட்டும் வாய் திறப்பதும் நாமே பழக்கியவை. முகப்பில் ஐயா உட்கார்ந்திருக்கும்போது பேரன் அவர் கண்ணையே பார்த்துப் பேசினால், காரைக்குடியில் அதை மரியாதைக் குறைவு என்பார்கள். அதே தாழ்ந்த பார்வையை, பெங்களூரிலிருந்து வரும் அதிகாரி விடை தெரியாத தடுமாற்றமாக எடுத்துக்கொள்கிறார். பையனிடம் கோளாறு இல்லை. இடத்துக்கு இடம் அர்த்தம் மாறும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் ‘பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான்’ என்று இருக்கிறது. இதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது: சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் சொல்லி, முகப் படங்களையும் காட்டி, பேசுபவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். உணர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். மோட்டார் எப்படி ஓடுகிறது என்ற கேள்விக்கு முகபாவம் விடையாகாது. பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

தம்பிக்குத் தேவை கொஞ்சம் பழக்கம்தான். கேள்வி கேட்டவர் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தொடங்கட்டும்; நடுவில் மற்றவர்களையும் பார்க்கட்டும். முறைக்க வேண்டியதில்லை, யோசிக்கும்போது பார்வை விலகுவது இயல்பு. உடனே விடை வராவிட்டால் பேசாமல் இருக்காமல், “ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லட்டும். வீடியோ நேர்காணல் என்றால் திரையில் தெரியும் முகத்தைவிட கேமராவைப் பார்ப்பது நல்லது. தன் புராஜெக்டை அந்தத் துறை தெரியாத ஒருவருக்குத் தினமும் விளக்கட்டும். கேட்பவர் நெற்றி சுருங்கினால் அவருக்குப் புரியவில்லை. அங்கேயே நிறுத்தி வேறுவிதமாகச் சொல்லிப் பார்க்கட்டும். எதிரில் இருப்பவரைக் கவனிப்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அது வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. கல்யாண வீட்டில் யாராவது “தம்பி என்ன படிக்கிறாக?” என்று கேட்டால், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். நேரம் எடுத்தாலும் அவனே சொல்லட்டும்.