இரங்கல் செய்தியில் என்ன எழுதுவது? – கேள்வி பதில்

கே: தோழியின் அப்பா இறந்துவிட்டார். 'ஆழ்ந்த இரங்கல்' என்று அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்து என்ன எழுத?

ப: அவரை நீங்கள் பார்த்த விதத்தை எழுதுங்கள். 'நல்ல மனிதர்' என்று எல்லோரும் எழுதுவார்கள். 'நான் வரும்போதெல்லாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இப்ப என்ன படிக்கிற?" என்று கேட்பார்' என்பதை உங்களால்தான் எழுத முடியும். அப்பாவைப் பற்றித் தனக்கே தெரியாத ஒரு சின்ன விஷயம் அதில் இருந்தால், அந்தச் செய்தியைத் தோழி அழிக்கவே மாட்டாள். நான்கு வரி போதும். அப்புறம், 'அப்பா' என்றே எழுதுங்கள். 'தங்கள் தந்தையார்' என்றால் அச்சடித்த அட்டை வாசனை வரும்.

கே: அலுவலக நண்பரின் அம்மா. நான் பார்த்ததே இல்லை.

ப: தெரியாதவரைப் புகழ வேண்டாம். நண்பர் அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதை நினைவுபடுத்துங்கள். இல்லையென்றால், 'அம்மா தவறிய செய்தி கேட்டேன். ரொம்ப வருத்தமாக இருக்கிறது. வியாழக்கிழமை அறிக்கையை நான் முடித்துவிடுகிறேன்' என்றால் போதும்.

கே: 'காலம் ஆற்றும்' என்று எழுதலாமா? என் தம்பியும் இறந்தவன்தான். அதைச் சொல்லலாமா?

ப: 1862 டிசம்பரில் ஆபிரகாம் லிங்கன், போரில் தந்தையைப் பறிகொடுத்த ஃபேனி மெக்கல்லோ என்ற இளம்பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினார். காலம்தான் ஆற்றும் என்று அவரும் சொல்கிறார். ஆனால் அடுத்த வரியிலேயே, இப்போது உன்னால் அதை நம்ப முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். அதைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் அனுப்பினால், 'சீக்கிரம் தேறிவிடு' என்று அவசரப்படுத்துவது போலாகிவிடும். லிங்கனின் 11 வயது மகன் இறந்ததும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான். கடிதத்தில் மகன் பேச்சே இல்லை. பட்டறிவில் சொல்கிறேன் என்று போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறார். உங்கள் தம்பிக்கும் அந்த ஒரு வரிதான் இடம். அதற்கு மேல் போனால் துக்கத்தில் இருப்பவரே உங்களைத் தேற்ற வேண்டிவரும்.

கே: 'இனி அவருக்கு வலி இல்லை', 'கடவுள் அழைத்துக்கொண்டார்'?

ப: அவர்களே சொன்னால் ஆமோதியுங்கள். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

கே: 'எந்த உதவி வேண்டுமானாலும் கேள்' என்று முடிக்கலாம்தானே?

ப: கேட்க மாட்டார்கள். என்ன கேட்பது என்று யோசிக்கும் தெம்பு இருக்காது. 'சனிக்கிழமை காலை பிள்ளைகளை அழைத்துப்போய் மாலையில் கொண்டுவந்து விடுகிறேன். வேண்டாம் என்றால் மட்டும் சொல்லு' என்று எழுதுங்கள். செய்ய முடிந்ததை மட்டும்.

கே: நண்பனின் அண்ணன் தற்கொலை செய்துகொண்டார். கை ஓடவில்லை.

ப: எப்படி, ஏன் என்று கேட்காதீர்கள். 'முன்பே தெரிந்திருந்தால்' என்ற பேச்சும் வேண்டாம். அந்த வீட்டில் அதையே இரவு பகலாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட சாவில் பலரும் வாயை மூடிக்கொள்வார்கள், இறந்தவர் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். நீங்கள் பெயர் சொல்லி எழுதுங்கள். அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது, கேலி செய்தது என்று உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள்.

கே: மூன்று மாதமாகிவிட்டது. இனி எழுதினால் புண்ணைக் கிளறியது போலாகாதா?

ப: ஆறியிருந்தால்தானே கிளற! வந்தவர்கள் எல்லாம் போன பிறகு வரும் செய்திக்குத் தனி மதிப்பு உண்டு. தாமதத்துக்கு அரை வரி மன்னிப்பு போதும், காரணக் கதை வேண்டாம். 'பதில் போட வேண்டியதில்லை' என்று சேர்த்துவிடுங்கள்.

கே: வாட்ஸ்அப் போதுமா?

ப: தாராளமாக. குழுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள். மெழுகுவர்த்திப் படம் வேண்டாம்.