பவர் சப்ளையில் 1000 மைக்ரோஃபாரட் இருக்கும்போது ஐசிக்குப் பக்கத்தில் 0.1 எதற்கு?

பவர் சப்ளையிலேயே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்க, அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே உள்ள 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை ஒவ்வொரு ஐசிக்கும் அருகில் வைப்பது ஏன், அதை விட்டுவிட்டாலும் சர்க்யூட் ஓடத்தானே செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். டிஜிட்டல் போர்டு வடிவமைப்பில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே மின்தேக்கியின் அளவைவிட, அது ஐசியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம்.

இன்றைய டிஜிட்டல் ஐசிகள் பெரும்பாலும் சிமாஸ் முறையில் அமைந்தவை. ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ் 1963இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு அது. வெளியீட்டில் மேலே ஒரு பி-வகை டிரான்சிஸ்டரும் கீழே ஒரு என்-வகை டிரான்சிஸ்டரும் இருக்கும். நிலையாக இருக்கும்போது இரண்டில் ஒன்று மின்னோட்டத்தைத் தடுத்தே இருப்பதால் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. ஆனால் 0 என்பது 1 ஆக மாறும் அந்தச் சில நானோநொடிகளில், எதிரே இணைந்திருக்கும் வயரையும் அடுத்த ஐசியின் உள்ளீட்டையும் மின்னூட்டம் செய்தாக வேண்டும். ஆகவே ஐசி எடுக்கும் மின்னோட்டம் சீரான ஓடை அல்ல. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வந்து மறையும் கூர்மையான துடிப்பு.

இதை எண்களில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 74ஹெச்சி244 ஐசியில் எட்டு வெளியீடுகள் உண்டு. ஒவ்வொன்றும் 50 பிகோஃபாரட் சுமையை 5 வோல்ட்டுக்கு ஏற்ற வேண்டும் என்றும், எட்டும் ஒரே நேரத்தில் மாறுகின்றன என்றும் கொள்வோம். மொத்தம் 2 நானோகூலும் மின்னூட்டம் தேவை. அது 5 நானோநொடிக்குள் வேண்டுமானால் சராசரியாக 0.4 ஆம்பியர். இப்போது பவர் சப்ளையிலிருந்து வரும் வயரைப் பாருங்கள். தோராயமாக ஒரு மில்லிமீட்டருக்கு 1 நானோஹென்றி என்று வைத்தால், 10 சென்டிமீட்டர் வயரின் மின்தூண்டல், அதாவது மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் குணம், 100 நானோஹென்றி. அதில் 0.4 ஆம்பியரை 5 நானோநொடியில் எழச்செய்ய வயரின் குறுக்கே 8 வோல்ட் வேண்டும். 5 வோல்ட் சப்ளையில் இது நடக்கவே முடியாத விடை. அதாவது, அந்த மின்னோட்டம் அந்த வயர் வழியாக அந்த நேரத்துக்குள் வந்து சேராது. வயரின் மறுமுனையில் இருப்பது 1000 மைக்ரோஃபாரடா, 10,000 மைக்ரோஃபாரடா என்பது இங்கே எந்த வித்தியாசத்தையும் உண்டாக்காது. அதே 2 நானோகூலும் பக்கத்திலுள்ள 0.1 மைக்ரோஃபாரடிலிருந்து எடுக்கப்பட்டால், அதன் மின்னழுத்தம் வெறும் 20 மில்லிவோல்ட்தான் இறங்கும். தூரத்திலுள்ள பெரிய மின்தேக்கி பிறகு நிதானமாக அதை நிரப்பிவிடும்.

"ஓடத்தானே செய்கிறது" என்பதற்கு வருகிறேன். 5 வோல்ட்டில் ஹெச்சி வகை ஐசிகள் 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை 0 என்றும், 3.5 வோல்ட்டுக்கு மேலே இருப்பதை 1 என்றும் எடுத்துக்கொள்ளும் என்பதால், சிறிய ஆட்டங்கள் தெரியாமலேயே போய்விடும். எல்லா வெளியீடுகளும் சேர்ந்து மாறும் அரிதான தருணத்தில்தான் வினை வரும். தரவை ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஓரிடம் நகர்த்தும் 74ஹெச்சி595 ஐசிகளைத் தொடராக இணைத்த ஒரு டிஸ்ப்ளே போர்டில் இதை நேரில் பார்த்தேன். எல்லா விளக்குகளும் அணைந்த நிலையிலிருந்து ஒன்றாக எரியும்போது மட்டும், காட்டப்படும் தரவு ஓரிடம் நகர்ந்துவிடும். மல்டிமீட்டர் 5 வோல்ட் என்றே காட்டியது; நானோநொடிப் பள்ளத்தை அது காட்டாது. வெளியீடுகள் மாறும் கணத்தில் ஐசிக்குள் கிரவுண்டின் மின்னழுத்தம் ஒரு கணம் துள்ளி, கிளாக் காலில் இல்லாத ஒரு துடிப்பை ஐசி எண்ணிக்கொண்டிருந்தது. பவர் வரும் 16ஆம் காலுக்கும் கிரவுண்டான 8ஆம் காலுக்கும் நடுவே ஐசியின் முதுகின் மேலாக ஒரு 104 செராமிக்கை (0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் மேல் இருக்கும் குறியீடு 104) வைத்துச் சால்டர் செய்ததும் அது நின்றது. மூலைக்கு மூலை பவர் கால்கள் வைத்த இந்தப் பழைய அமைப்பே மின்னோட்டம் சுற்றிவரும் பாதையை நீளமாக்குகிறது. அதனால்தான் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் வேகமான 74ஏசி11 வரிசையில் பவர் கால்களை நடுவே கொண்டுவந்தது.

மின்தேக்கியும் ஓர் இலட்சியப் பொருள் அல்ல. 0.1 மைக்ரோஃபாரடும் அதன் கால்கள், தடங்கள் சேர்ந்த 1 நானோஹென்றியும் ஏறக்குறைய 16 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கின்றன. அதற்கு மேலே அது மின்தூண்டியைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே மதிப்பைக் கூட்டிப் பயனில்லை, அந்தப் பாதையைச் சுருக்க வேண்டும்: கால் நீளமில்லாத சர்ஃபேஸ் மவுண்ட் வகை, பவர் காலை ஒட்டிய இடம், கிரவுண்டு தளத்துக்கு நேராக இறங்கும் வியா (போர்டின் அடுக்குகளை இணைக்கும் உலோகத் துளை). வாங்கும்போது செராமிக் மின்தேக்கிகளில் எக்ஸ்7ஆர் வகையைக் கேளுங்கள். மலிவான ஒய்5வி வகை வெப்பநிலை மாறினால் தன் மதிப்பில் 80 சதவீதம் வரை இழக்கக்கூடியது.

0.1 மட்டுமே எல்லாவற்றுக்கும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் வைஃபையில் அனுப்பத் தொடங்கும்போது 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். அந்தத் தேவை நானோநொடிகளில் முடிவதில்லை என்பதால், அருகிலேயே 10 மைக்ரோஃபாரடோ அதற்கு மேலோ வேண்டும். இல்லையென்றால் மின்னழுத்தம் இறங்கிச் சிப் தானே மறுதொடக்கம் ஆகும்; இதுவே பிரவுன்அவுட் ரீசெட். பலர் இதை நிரலில் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

பிரெட்போர்டில் 28 கால் ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் வைத்திருந்தால், 7க்கும் 8க்கும் இடையே ஒன்று, 20க்கும் 22க்கும் இடையே ஒன்று எனக் கால்களை ஒட்ட வெட்டி இரண்டு 104 வையுங்கள். வித்தியாசத்தை ஆசிலாஸ்கோப்பில் பார்க்க விரும்பினால், புரோபின் நீண்ட கிரவுண்டு கிளிப்பைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் முனையை ஐசியின் கிரவுண்டு காலிலேயே தொட்டு அளவெடுங்கள். நீண்ட கிளிப்பின் மின்தூண்டலே திரையில் இல்லாத அதிர்வுகளைக் காட்டும்.