உங்கள் பெயருக்கும் ஒரு சீட்டு

கேள்வி: எனக்கு 43 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடி நான்கு கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறேன். இரவு ஒன்பதுக்கு மேல்தான் உட்கார முடிகிறது. அரை மணியில் கண் எரிகிறது, எழுத்து கலங்குகிறது, நெற்றி வலிக்கிறது. கணவரின் பழைய கண்ணாடியைப் போட்டால் கொஞ்சம் தேவலை. மகள் திரையைக் கறுப்பாக மாற்றி, நைட் லைட்டும் போட்டுக் கொடுத்தாள். பயனில்லை. போன மாதம் மாமியாருக்குத் தவளக்குப்பத்தில் கண்புரை ஆபரேஷன். அந்த அலைச்சல் வேறு. கம்ப்யூட்டரில் இன்னும் என்ன மாற்றலாம்?

பதில்: கம்ப்யூட்டர் இருக்கட்டும். கணவரின் பழைய கண்ணாடி என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

மாமியாரை எத்தனை தடவை பஸ் ஏற்றி அழைத்துப் போயிருப்பீர்கள்? பரிசோதனைக்கு ஒரு நாள், ஆபரேஷனுக்கு ஒரு நாள், அப்புறம் மறுபடி காட்ட ஒரு நாள். எரிகிற கண்ணோடு கண் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அவருக்குச் சீட்டுப் போட்ட கவுன்ட்டரில் உங்கள் பெயருக்கும் ஒன்று போடத் தோன்றவில்லை. படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது எனக்கு. பெரியவர்களைக் கவனிப்பது கடமை, அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. அந்தக் கணக்கில் உங்களை மட்டும் விட்டுவிடச் சொன்னது யார்? உங்கள் வீட்டுக்காரரும் இதைப் படிக்கட்டும்: தான் கழற்றிப் போட்ட கண்ணாடியை மனைவி முகத்தில் பார்த்த அன்றே அவர் கேட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு வந்திருப்பது அநேகமாக வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய், கிட்டத்து எழுத்து கலங்கும். அவர் கண்ணாடி அவருடைய பவருக்கும் அவருடைய கண்களின் இடைவெளிக்கும் செய்தது. அதைப் போடுவதால் கண் கெட்டுவிடாது, ஆனால் நெற்றி வலிக்கும். தவிர, படிக்கிற கண்ணாடி புத்தகத் தூரத்துக்கு, சுமார் 40 சென்டிமீட்டருக்குச் செய்யப்படுவது. திரை அதைவிடத் தள்ளி இருக்கும். கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டுதானே உட்காருகிறீர்கள்? தையல் டேப்பை மகளிடம் கொடுத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும்போது கண்ணுக்கும் திரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்கச் சொல்லுங்கள். அதைக் குறித்துக்கொண்டு போய் பவர் பார்ப்பவரிடம் சொல்லுங்கள்.

சரி, இப்போது கம்ப்யூட்டர். கறுப்புத் திரை வேண்டாம். கருவிழியின் வளைவு சீராக இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிலிண்டர் பவர் உங்களுக்கு இருந்தால் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து இன்னும் இழுத்துக்கொண்டு தெரியும். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளைவிடத் திரை டியூப்லைட் மாதிரி பளீரென்று இருந்தால் பிரைட்னஸைக் குறையுங்கள், மங்கலாக இருந்தால் கூட்டுங்கள். விண்டோஸ் என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேலை 125 சதவீதம் வையுங்கள், எழுத்து பெரிதாகும். நைட் லைட் திரையை மஞ்சளாக்கும், அவ்வளவுதான். எரிச்சலுக்குப் பெரிய காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்குப் பாதி குறைந்துவிடுவது. டேபிள் ஃபேன் முகத்துக்கு நேரே ஓடினால் கண் இன்னும் காய்ந்துபோகும், திருப்பி வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள்.

இந்த வாரமே அதே தவளக்குப்பத்துக்குப் போங்கள். இந்தத் தடவை உங்கள் வீட்டுக்காரர் உங்களை அழைத்துப் போகட்டும். கண் அழுத்தத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். புதுக் கண்ணாடி கைக்கு வந்ததும் பழையதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.